பின்னிருக்கையில் படுத்துப் பார்த்தது

முந்நூற்றைம்பது வெள்ளிக்கு
நூற்று எழுபது இடங்களில் தொட்டுப் பார்ப்பேன்.
பழைய காடி வாங்குகிறவர்களுக்காகச்
சந்தேகப்படுவது என் தொழில்.

செகாம்புட்டில் லாரி வைத்திருக்கும் புண்ணியசீலன்
பிடித்து வைத்திருந்தார் இதை:
ஆறு வருடம் ஓடிய ஜெர்மன்காரன்,
மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர்,
இரண்டு டன் கறுப்பு.
விற்கிற மிஸ்டர் லோ நிழலில் நின்றபடி
'ஒரே ஓனர், ஒரே ஓனர்' என்றார்
மந்திரம் போல.

முதலில் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தேன்.
வெள்ளத்தில் நின்ற வண்டி
எத்தனை முறை குளித்தாலும்
அந்தக் கடைசிச் சாணில் சேறு ஒளிந்திருக்கும்.
இல்லை. சுத்தம்.
ஆனால் பின்பக்க இடது சக்கரத்துக்கும் வளைவுக்கும் நடுவே
இரண்டு விரல்.
வலது பக்கம் மூன்றரை.
குறித்துக்கொண்டேன், சொல்லவில்லை.

கோம்பாக் தாண்டி மலைச்சாலையில் மிதித்தேன்.
சிமெண்டு லாரிகள் முனகும் அந்த ஏற்றத்தில்
இதற்கு மூச்சு வாங்கவில்லை.
சாலைதான் பின்னால் ஓட இடம் தேடியது.
வளைவில் என் உடம்பு சாயுமுன்
அது தன்னை நிமிர்த்திக்கொண்டது.
பிரேக், சொன்ன இடத்தில் நின்றது.
கண்ணாடிக்கு வெளியே
ஊமைப்படமாக மழை.

புண்ணியசீலன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்:
'பத்து வருஷம் ஓடுமா லா?'

அதுவரை வாய் திறக்காத அவர் மனைவி திலகேஸ்வரி:
'பின் சீட்டுல படுத்துக்கிட்டுப் போக முடியுமா?
முதுகுல நாலு ஆணி வச்சிருக்காங்க.
வாரம் ரெண்டு தடவை பெரியாஸ்பத்திரி.'

என் நூற்று எழுபதில் அப்படி ஓர் இடம் இல்லை.
சாவியை அவர் கணவரிடம் கொடுத்துவிட்டு
நானே படுத்தேன்,
காலணியைக் கழற்றி, முழங்காலை மடக்கி.

ஜாலான் ஈப்போ.
இருபது வருடமாக ஓட்டும் சாலை.
கூரைக் கண்ணாடியில்
மேம்பாலங்களின் வயிறு,
அதில் தண்ணீர் எழுதிவிட்டுப் போன பழுப்புக் கோடுகள்,
ஒரு தூங்குமூஞ்சி மரம்,
வெகுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு இன்னொன்று.
மசூதி தாண்டியதும் வேகத்தடை வரவேண்டும்.
காத்திருந்தேன்.
வந்துபோயிருக்கிறது.
சட்டைப்பையில் பேனா அசையவில்லை.
அடுத்த குழி மட்டும் கேட்டது,
பக்கத்து அறையில் யாரோ
புத்தகத்தைக் கீழே போட்டதுபோல.

பட்டறையில் ஸ்கேனரைச் செருகினேன்.
பழைய பிழைகளையெல்லாம் யாரோ துடைத்திருந்தார்கள்,
நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு முன்.
சோப்புத் தண்ணீர் தெளித்ததும்
இடது காற்றுப்பையின் மடிப்பில்
கடுகளவு குமிழிகள்
பொறுமையாகக் கிளம்பின.

சொன்னேன்:
எஞ்சின் இருக்கும். கியர்பெட்டி இருக்கும்.
காற்று போகும்.
ராத்திரி நிறுத்தினால் காலையில்
ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும்.
பை ஒன்று ஆறாயிரம் வெள்ளி,
ஒன்று போனால் மற்றது சும்மா இருக்காது.

திலகேஸ்வரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்:
'காலையில எழும்ப நேரமாகும், அவ்வளவுதானே?'
புண்ணியசீலன் சிரிக்கவில்லை.
மிஸ்டர் லோ கால்குலேட்டரை எடுத்தார்.

செயல்திறன், ஒன்பது.
நம்பகம், ஐந்து.
சொகுசு என்ற கட்டத்தில்
'பேனா அசையவில்லை' என்று எழுதி
அடித்துவிட்டு
ஒன்பதரை போட்டேன்.

வாங்கினார்களா, தெரியாது.
அடுத்த வாரம் கூப்பிடுகிறேன் என்றார்,
கூப்பிடவில்லை.

அன்று மாலை
என் கன்சிலில் அதே சாலையில் திரும்பும்போது
செந்தூல் வருவதற்குள் பதினேழு எண்ணினேன்.
பதினேழாவது
ஒரு சாக்கடை மூடி.